செபம் முடியும்வரை
பிலடெல்பியா புனித தோமையார் ஆலயத்தின் வரலாறு

புனித தோமையாரின் பெயரைக் கேட்டதும் தமிழ்க் கத்தோலிக்கராகிய நம் நினைவு மயிலைக்கும் சின்னமலைக்கும் பரங்கிமலைக்கும் செல்வது இயல்பே. ஆயின் அதே திருத்தூதரின் பெயரைத் தாங்கிய இன்னோர் ஆலயம் அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா நகரில் 1794-ஆம் ஆண்டு முதல் வாழ்ந்து வருகிறது. அது நம் திருச்சபையைச் சார்ந்ததன்று. இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து கிளைத்து, அமெரிக்கா விடுதலை பெற்றபின் தனித்து நின்ற எப்பிஸ்கோப்பல் சபையைச் சார்ந்தது. ஆயரின் தலைமையை ஏற்ற சபை என்பதே அப்பெயரின் பொருள். அந்தச் சபையில் கறுப்பின மக்கள் தமக்கெனக் கட்டிய முதல் பங்கு இதுவே. ‘ஆப்பிரிக்கத் தோமையார் ஆலயம்’ என்றே அதனை அழைத்தனர்.

கட்டிடத்தின் அழகுக்காக நாம் இந்த ஆலயத்தைப் பற்றி எழுத முற்படவில்லை. அந்தப் பழைய கட்டிடம் இன்று இல்லை. முழந்தாளிட்டுச் செபித்துக்கொண்டிருந்த ஒரு மனிதரை எழுப்பி அப்புறப்படுத்த முயன்ற நிகழ்ச்சியிலிருந்து ஒரு பங்கு பிறந்தது என்பதும், அவ்வாறு பிறந்த பங்கைச் ‘செருக்கின் பிள்ளை’ என்று பெரியோர் சிலர் கருதினர் என்பதுமே நம் கவனத்தை ஈர்த்தவை.

அந்த மனிதரின் பெயர் அப்சலோம் ஜோன்ஸ். 1746-ல் டெலவேர் மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாயிருந்தபோதே கையில் கிடைத்த சில்லறைக் காசுகளைச் சேர்த்து, எழுத்துகளைக் கற்கும் அரிச்சுவடியும் புதிய ஏற்பாடும் வாங்கினார். அவருக்குப் பதினாறு வயதானபோது எசமானர் அவருடைய தாயையும் உடன்பிறந்தோரையும் விற்றுவிட்டு, இவரை மட்டும் பிலடெல்பியாவிலிருந்த தம் கடைக்கு அழைத்துச் சென்றார். பகலில் கடையில் மூட்டை சுமந்த அவர், அங்கிருந்த எழுத்தர் ஒருவரிடம் எழுதக் கற்றார். பின்னர் குவேக்கர் சபையார் நடத்திய இரவுப் பள்ளியிலும் பயின்றார்.

1770-ல் மேரி என்னும் அடிமைப் பெண்ணை அவர் மணந்தார். அக்காலச் சட்டப்படி தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமை. தாய் விடுதலை பெற்றவளாயின் பிள்ளையும் விடுதலையோடு பிறக்கும். ஆகவே ஜோன்ஸ் தம் விடுதலையை விலைக்கு வாங்குவதைத் தள்ளிவைத்து, முதலில் மனைவியின் விடுதலையை வாங்கினார். நல்லோர் சிலரிடம் நன்கொடையும் கடனும் பெற்று விலையைச் செலுத்தினார். கணவனும் மனைவியும் இரவு நெடுநேரம் உழைத்துப் பல ஆண்டுகளில் அக்கடனைத் தீர்த்தனர். அதன்பின் 1778-ல் தம்மை விடுவிக்குமாறு எசமானரிடம் பணத்துடன் சென்றார். எசமானர் மறுத்தார். மீண்டும் மீண்டும் கேட்டார். 1784-ல்தான், முப்பத்தெட்டாம் வயதில், அவர் விடுதலை பெற்றார். விடுதலை பெற்றபின்னும் அதே கடையில், இம்முறை கூலிக்கு, அவர் வேலை செய்தார் என்பதையும் இங்கே குறித்துக்கொள்வோம். பொறுமையில் இவரை வெல்லுவார் அரிது.

1787-ஆம் ஆண்டின் கோடையில், பிலடெல்பியா நகரில் அமெரிக்காவின் அரசியல் சாசனத்தைப் பெரியோர்கள் வரைந்துகொண்டிருந்தனர். பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடுவதற்காக ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு மனிதனாக எண்ணலாம் என்று அங்கே முடிவாயிற்று. அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்தில், அதே நகரில் ஜோன்சும் ரிச்சர்டு ஆலன் என்ற இளம் போதகரும் வேறு சிலரும் ‘சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்’ ஒன்றைத் தொடங்கியிருந்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் மாதம் ஒரு ஷில்லிங் வெள்ளி செலுத்த வேண்டும்; ஓராண்டு செலுத்தியபின் வறுமையுற்றால் வாரம் 3 ஷில்லிங் 9 பென்ஸ் உதவி கிடைக்கும்; குடிப்பழக்கம் உள்ளோர்க்கு இடமில்லை. நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையையும் மரண உதவி நிதியையும் சேர்த்து எண்ணிக்கொண்டால் அச்சங்கத்தின் உருவம் ஒருவாறு விளங்கும்.

ஆலனும் ஜோன்சும் அப்போது புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில் வழிபட்டு வந்தனர். ஆலனின் போதனையைக் கேட்கக் கறுப்பின மக்கள் மிகுதியாக வரத் தொடங்கினர். கூட்டம் பெருகப் பெருக, அவர்கள் எங்கே அமர்வது என்ற கேள்வி எழுந்தது. முதலில் சுவரோரம் நிறுத்தினர். பின்னர் புதிதாகக் கட்டிய மேல்மாடத்திற்கு அனுப்பினர். அந்த மாடம் கட்டவும் தரை போடவும் அம்மக்களும் பணம் கொடுத்திருந்தனர் என்பதை ஆலன் மறவாமல் எழுதிவைத்திருக்கிறார்.

ஒரு ஞாயிறன்று நடந்ததை ஆலனின் தன்வரலாறே நமக்குச் சொல்கிறது. அது 1787-ல் நடந்ததாக அவர் நினைவுகூர்ந்தார். மேல்மாடம் கட்டப்பட்ட காலத்தைக் கணக்கிட்ட ஆய்வாளர் பலர் 1792 என்பர். வாயிலில் நின்ற கோவில்பிள்ளை அவர்களை மேலே போகச் சொன்னார். தாங்கள் முன்பு கீழே அமர்ந்திருந்த இடத்திற்கு நேர் மேலேயுள்ள இருக்கைகள் தமக்குரியவை என்று எண்ணி அங்கே சென்றனர். பாடல் முடியும் தறுவாய். செபிப்போமாக என்ற குரல் எழுந்ததும் அனைவரும் முழந்தாளிட்டனர். சிறிது நேரத்தில் ஏதோ இழுபறியும் தாழ்ந்த குரலில் வாக்குவாதமும் கேட்கவே, ஆலன் தலையை உயர்த்திப் பார்த்தார். ஆலய நிர்வாகி ஒருவர் ஜோன்சைப் பிடித்து, இங்கே முழந்தாளிடலாகாது, எழுந்திரு என்று தூக்கிக்கொண்டிருந்தார். செபம் முடியும்வரை பொறுங்கள் என்றார் ஜோன்ஸ். இப்போதே எழ வேண்டும், இல்லையேல் ஆளழைத்து அப்புறப்படுத்துவேன் என்றார் நிர்வாகி. செபம் முடியட்டும், அதன்பின் உமக்குத் தொல்லை தரமாட்டோம் என்று மீண்டும் கூறினார் ஜோன்ஸ். இன்னொரு நிர்வாகி துணைக்கு வந்து மற்றொருவரைத் தூக்க முற்படுவதற்குள் செபம் முடிந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் ஒருமித்து எழுந்து வெளியேறினர், திரும்பவில்லை.

கைகலப்பில்லை, கூச்சலில்லை. கடவுளோடு பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை முடித்துவிட்டுப் புறப்பட்டார், அவ்வளவே.

தமக்கென ஓர் ஆலயம் கட்டும் திட்டத்தை அவர்கள் வெளியிட்டபோது நகரில் உதவி செய்தவரும் இருந்தனர், முகம் சுளித்தவரும் இருந்தனர். விடுதலைப் பிரகடனத்தில் கையொப்பமிட்டவருள் ஒருவரான மருத்துவர் பெஞ்சமின் ரஷ் முன்னின்று நிதி திரட்டினார். பென்சில்வேனியாவின் எப்பிஸ்கோப்பல் ஆயரான வில்லியம் ஒயிட் 1791-ல் ஒருநாள் தெருவில் ரஷ்ஷைச் சந்தித்தபோது, இத்திட்டம் செருக்கிலிருந்து பிறந்தது என்று தம் அதிருப்தியைத் தெரிவித்ததாக ரஷ் தம் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். ஆயர் ஒயிட் கொடியவர் அல்லர். நகரமே மதித்த சான்றோர். அதனாலேயே அவர் பயன்படுத்திய அந்தச் சொல் நம்மை உறுத்துகிறது. தள்ளியவனின் கையில் அவர் செருக்கைக் காணவில்லை. தள்ளப்பட்டவன் தனக்கொரு கூரை தேடியபோதுதான் கண்டார். இத்தகைய பார்வைக் கோளாறு நல்லவர்களுக்கும் வருகிறது. நல்லவர்களுக்குத்தான் அது எளிதில் புலப்படுவதில்லை என்றும் தோன்றுகிறது.

1793 ஆகஸ்ட் 22 அன்று ஆலயத்தின் கூரை ஏற்றப்பட்டது. அதனையொட்டி மரநிழலில் ஒரு விருந்து நடந்தது. பெரும்பாலும் தச்சர்களாயிருந்த ஏறத்தாழ நூறு வெள்ளையர் முதற்பந்தியில் அமர, கறுப்பினத்தார் பரிமாறினர். அவர்கள் எழுந்தபின் அதே மேசையில் கறுப்பினத்தார் ஐம்பது பேர் அமர்ந்தனர். இம்முறை வெள்ளையர் பரிமாறினர். இதனை ரஷ் தம் மனைவிக்குப் பெருமகிழ்வுடன் எழுதினார். பந்தியும் பரிமாறலும் எத்தகைய அளவுகோல்கள் என்பதைத் தமிழ் வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த விருந்து நடந்த வாரத்திலேயே நகரில் மஞ்சள் காய்ச்சல் பரவத் தொடங்கியிருந்தது. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த பிலடெல்பியாவில் ஐயாயிரம் பேர் வரை சில மாதங்களில் மாண்டனர். வசதியுள்ளோர் ஊரைவிட்டு ஓடினர். கணவன் மனைவியைக் கைவிட்டதும், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டதும் நடந்தன. நம் கத்தோலிக்கத் திருச்சபையும் அப்போது விலை கொடுத்தது: அருட்தந்தையர் பிரான்சிஸ் பிளெமிங்கும், ஆயராகத் தெரிவு செய்யப்பட்டிருந்த லாரன்ஸ் கிரேசலும் நோயுற்றோருக்குப் பணி செய்து அக்காய்ச்சலிலேயே இறந்தனர்.

கறுப்பினத்தாரை இந்நோய் தொற்றாது என்றொரு தவறான கருத்து மருத்துவர்களிடையே நிலவியது. ரஷ்ஷும் அதனை நம்பி அவர்களின் உதவியை வேண்டினார். ஜோன்சும் ஆலனும் தம் மக்களைக் கூட்டி ஆலோசித்தனர். கடவுளில் நம்பிக்கை வைத்து இறங்குவதென முடிவு செய்தனர். நோயாளரைத் தேடி வீடுவீடாகச் சென்றனர். இரத்தம் எடுக்கும் அக்கால மருத்துவத்தை ரஷ்ஷிடம் கற்று நூற்றுக்கணக்கானோருக்குச் செய்தனர். பிணங்களைச் சுமந்து புதைத்தனர். தொற்றாது என்ற கருத்து எவ்வளவு பொய்யென்பதை அவர்களே பின்னர் புதைகுழிக் கணக்கைக் கொண்டு காட்டினர். 1792-ல் நகரில் அடக்கம் செய்யப்பட்ட கறுப்பினத்தார் 67, 1793-ல் 305.

காய்ச்சல் தணிந்ததும் மேத்யூ கேரி என்ற அச்சகத்தார் அக்கொள்ளைநோயின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அது பரபரப்பாக விற்று அடுத்தடுத்துப் பதிப்புகள் கண்டது. அதிலே கறுப்பினச் செவிலியருள் கீழ்மக்கள் சிலர் நோயாளரிடம் பகற்கொள்ளையாகக் கூலி கேட்டனர், வீடுகளில் திருடினர் என்று எழுதினார். ஜோன்சையும் ஆலனையும் பெயர் சொல்லிப் பாராட்டவும் அவர் தவறவில்லை. இந்தக் கேரி யார் தெரியுமா? அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர். அமெரிக்காவில் கத்தோலிக்க ஆங்கில விவிலியத்தை 1790-ல் முதன்முதலாக அச்சிட்டவர். தம் நாட்டில் சமயத்தின் பெயரால் ஒடுக்கப்பட்டதை அனுபவித்தவர். ஓர் இனத்தின்மேல் பழி சுமத்துவது எத்தகையதென அறிந்திருக்க வேண்டியவர். கத்தோலிக்க அச்சுலகின் முன்னோடி என்று நாம் போற்றும் ஒருவரிடமே இந்தக் குறையைக் காண நேர்வது நமக்கு வருத்தம் தருகிறது. ஆயினும் மறைத்தெழுதுவது வரலாறாகாது.

ஜோன்சும் ஆலனும் 1794 ஜனவரியில் ஒரு சிறு நூலால் விடையளித்தனர். அமெரிக்காவில் கறுப்பினத்தார் பதிப்புரிமை பெற்று வெளியிட்ட முதல் வெளியீடு அதுவே என்பர். அதனைப் படிப்போரை வியக்கவைப்பது அதிலுள்ள வரவு செலவுக் கணக்கு. அடக்கப் பணிகளுக்காகப் பெற்ற தொகை 233 பவுன் 10 ஷில்லிங் 4 பென்ஸ். சவப்பெட்டிகளுக்குச் செலவு 33 பவுன். ஐந்து ஆட்களுக்குக் கூலி 378 பவுன். ஆகச் செலவு 411 பவுன். கைப்பொறுப்பில் நட்டம் 177 பவுன் 9 ஷில்லிங் 8 பென்ஸ். திருடர் என்ற பழிக்கு அவர்கள் தந்த முதல் மறுமொழி கூட்டிக் கழித்த கணக்கே. அதனோடு, நோயின் நடுவே ஊரைவிட்டுச் சென்றிருந்த கேரி தம் நூலை விற்று ஈட்டிய பணம், பேராசை கொண்ட செவிலியர் பலர் சேர்ந்து ஈட்டியதைவிட மிகுதி என்று ஓர் ஊசியையும் குத்திவைத்தனர். பொறுமைசாலிகளுக்கும் எழுதுகோலில் கூர்மை உண்டு!

1794 ஜூலை 17 அன்று ஐந்தாம் தெருவில் ஆலயம் திறக்கப்பட்டது. விடுதலைப் பிரகடனம் பிறந்த மண்டபம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அன்று மறையுரையாற்றிய எப்பிஸ்கோப்பல் குரு சாமுவேல் மெகா, இருளில் நடந்த மக்கள் பேரொளியைக் கண்டதாகக் கூறும் இசையாவின் ஒன்பதாம் அதிகாரப் பகுதியை எடுத்துக்கொண்டார். அவருடைய விளக்கத்தில் இருள் என்பது அம்மக்களின் அறியாமை. ஆகவே அவர்கள் நன்றியும் தாழ்ச்சியும் உடையோராய், தலைதூக்கும் செருக்கை அடக்கிக்கொள்ள வேண்டும் என்றார். மீண்டும் அதே சொல்! பங்கு மக்கள் மறுத்துப் பேசவில்லை. அதே இறைவாக்கை ஆலயத்தின் வெளிச்சுவரில், தெருவில் போவோர் வருவோர் படிக்குமாறு பொறித்துவைத்தனர். அறியாமையை அல்ல, அடிமைத்தனத்தையே அவர்கள் இருள் என்று கண்டிருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் கருதுவது பொருத்தமாகவே தோன்றுகிறது.

எந்தச் சபையோடு சேர்வது என்பதில் வேறுபாடு எழுந்தது. மெதடிஸ்ட் சபையிலேயே தொடர விரும்பியவர்கள் ஜோன்ஸ், ஆலன் இருவர் மட்டுமே. மற்றெல்லாரும் ஆயர் ஒயிட்டின் எப்பிஸ்கோப்பல் சபையை நாடினர். மக்கள் முதலில் ஆலனையே மேய்ப்பராக அழைத்தனர். தாம் மெதடிஸ்டாகவே இருக்க விரும்புவதாகக் கூறி அவர் விலகினார்; ஒரு கொல்லன் பட்டறையை நகர்த்திவந்து பெத்தேல் என்னும் ஆலயத்தை அதே மாதத்தில் நிறுவினார். ஜோன்ஸ் தம் விருப்பத்தை ஒதுக்கி மக்களின் விருப்பத்தை ஏற்றார். நண்பர்கள் பிரிந்தும் பகைக்கவில்லை. இறுதிவரை பொதுக்காரியங்களில் சேர்ந்தே நின்றனர். நம்மூரில் ஒரு பங்கு இரண்டாகும்போது நேர்வனவற்றை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வர்.

பங்கு மக்கள் மூன்று நிபந்தனைகளை முன்வைத்தனர்: தங்களை ஓர் அமைப்பாகவே ஏற்க வேண்டும், தங்கள் ஆலயத்தின் நிர்வாகம் என்றும் தங்களிடமே இருக்க வேண்டும், ஜோன்சைச் செபங்களை நடத்தும் பொதுநிலையினராக நியமித்து, தகுதியுடையவராயின் திருநிலைப்படுத்த வேண்டும். செருக்கென்று முன்னர் சொன்ன அதே ஆயர் ஒயிட் இவற்றை ஏற்றுக்கொண்டார். 1795-ல் ஜோன்சைத் திருத்தொண்டராகவும், அடுத்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் குருவாகவும் அவர் திருநிலைப்படுத்தினார். எப்பிஸ்கோப்பல் சபையின் முதல் கறுப்பினக் குரு அவரே. மனம் மாறியதை ஆயர் எங்கேனும் சொன்னாரோ இல்லையோ, செய்து காட்டினார்.

ஆயினும் கொடுத்த கையே ஒன்றைப் பிடித்துக்கொண்டது. குருவாக விரும்புவோர் கிரேக்கமும் இலத்தீனும் அறிந்திருக்க வேண்டும் என்பது விதி. ஜோன்சுக்கு அதிலிருந்து விலக்களித்த மறைமாவட்டப் பேரவை, அதற்கு ஈடாகத் தோமையார் பங்கு பேரவைக்குக் குருவையோ பிரதிநிதிகளையோ அனுப்பலாகாது என்று தீர்மானித்தது. திருச்சபை தரும் அருளடையாளங்கள் உண்டு. திருச்சபையின் ஆலோசனையில் இடமில்லை. மேல்மாடம் வேறு உருவில் வந்துவிட்டது. இந்த நிலை தற்காலிகமானது என்று அன்று பலர் எண்ணியிருக்கலாம். அது எழுபதாண்டு நீடித்தது.

ஏன் அவர்கள் வெளியேறவில்லை? ஆலன் தம் மக்களுடன் 1816-ல் தனிச்சபையே நிறுவி அதன் ஆயராகவும் ஆனார். அந்த வழி தோமையார் பங்குக்கும் திறந்திருந்தது. தங்கள் ஆலயம் தங்கள் கையிலிருந்தமையால், உள்ளேயிருந்தே உரிமை கேட்க முடியும் என்று அவர்கள் நம்பினர் என்று நாம் எண்ணுகிறோம். வெளியேறியவர் அஞ்சியவரும் அல்லர். தங்கியவர் தலைவணங்கியவரும் அல்லர். இரண்டிற்கும் துணிவு வேண்டும். எனினும் தங்கியவரின் துணிவு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை.

பேரவையில் பேச இடமில்லாத ஜோன்ஸ் நாட்டின் பேரவையை நோக்கிப் பேசினார். ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் சட்டத்தைத் திருத்தவும், அடிமை வணிகத்தை ஒடுக்கவும் வேண்டி 1799-ன் இறுதியில் அவரும் எழுபதுக்கு மேற்பட்டோரும் கையொப்பமிட்ட மனு, 1800 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. இத்தகைய வேண்டுகோள்களுக்கு ஊக்கமளிக்கலாகாது என்று 85 பேர் வாக்களித்தனர். மாறாக வாக்களித்தவர் ஒரேயொருவர். எட்டாண்டு கழித்து, 1808 ஜனவரி முதல் நாள் கடல் கடந்த அடிமை வணிகம் சட்டப்படி நின்றபோது, தம் ஆலயத்தில் ஜோன்ஸ் நன்றி மறையுரை ஆற்றினார். எகிப்தில் தம் மக்கள் படும் துன்பத்தைக் கண்டு இறங்கிவந்த கடவுளைப் பற்றிய விடுதலைப் பயணப் பகுதியே அன்றைய வாசகம். 1818 பிப்ரவரி 13 அன்று அவர் இறந்தார்.

அவருக்குப்பின் நிலையான குரு கிடைக்காமல் பங்கு பல ஆண்டுகள் தடுமாறியது. 1834-ல் வந்த வில்லியம் டக்ளஸ் 1862 வரை பணியாற்றினார். பழைய ஏடுகளைத் தொகுத்து இந்த ஆலயத்தின் ஆண்டு வரலாற்றை நூலாக்கியவரும் அவரே. ஒரு பங்குக்குரு தம் பங்கின் ஏடுகளைப் பேணி எழுதிவைத்ததால்தான் இன்று நாம் இவ்வளவும் அறிகிறோம். நம் பங்குகளில் கறையானுக்கு இரையாகும் பழைய பதிவேடுகளை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை.

பேரவையின் கதவு 1860-களில், உள்நாட்டுப் போரின் காலத்தில்தான் திறந்தது. அதற்கு முன் 1840-களில் அலெக்சாண்டர் கிரம்மெல் என்ற கற்றறிந்த கறுப்பின இளைஞர் பிலடெல்பியாவில் பணியாற்ற வந்தபோது, பேரவையில் இடம் கேட்பதில்லை என்று உறுதியளித்தால் ஏற்பதாக அப்போதைய ஆயர் கூறினார். அந்த நிபந்தனையோடு நுழையமாட்டேன் என்று கிரம்மெல் மறுத்துவிட்டார்.

கதவு திறந்தும் தெரு மாறவில்லை. 1864-ஆம் ஆண்டுக் கோடையில் தோமையார் ஆலயக் குரு வில்லியம் ஆல்ஸ்டன், நோயுற்ற தம் சிறு குழந்தையை நல்ல காற்றுப்பட ஆற்றோரம் அழைத்துச் சென்று திரும்பினார். குழந்தை சோர்ந்துபோகவே, வந்த டிராம் வண்டியை நிறுத்தி ஏற முயன்றார். கறுப்பினத்தாருக்கு இடமில்லை என்று நடத்துநர் தடுத்தார். வண்டியோ ஏறத்தாழக் காலியாக இருந்தது. நடந்ததை ஆல்ஸ்டன் நாளிதழுக்கு எழுதினார். கிறிஸ்தவ நகரம் என்று பெயர்பெற்ற ஊரில் இது தகுமா என்பதே அவர் கேள்வியின் சாரம். அவரைப் போன்ற பலர் தொடர்ந்து போராடியதால் 1867-ல் அந்தத் தடை சட்டத்தால் நீங்கியது.

இவற்றையெல்லாம் பிறசபையாரின் குறையாகப் படித்துவிட்டு ஏட்டை மூடினால் நாம் நேர்மையற்றவர் ஆவோம். 1838-ல் அமெரிக்க இயேசு சபைத் துறவியர் தம் பண்ணைகளில் இருந்த 272 அடிமைகளை விற்றனர். கறுப்பினத்தவர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட முதல் அமெரிக்கக் கத்தோலிக்கக் குரு அகஸ்டஸ் டால்டன், தம் நாட்டுக் குருமடம் எதுவும் ஏற்காமையால் உரோமையில் 1886-ல் குருவானார். அப்போது அப்சலோம் ஜோன்ஸ் இறந்து அறுபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமெரிக்கா வரை போவானேன்? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கொரு புறமாக ஆலயம் கட்டி நடுவே தடுப்பு வைத்திருந்தோம். 1910-ல் பங்குக்குரு அதனை இடித்ததும், தடுப்பு வேண்டும் என்று நம்மவரே சென்னை உயர்நீதிமன்றம் வரை வழக்காடித் தோற்றனர். சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இன்னும் நிற்கும் சுவரை இடிக்கக் குரல் எழும்போது, அதனைச் செருக்கு என்று சொல்லும் குரல்களையும் நாம் கேட்டிருக்கிறோம்.

தோமையார் பங்கு காலப்போக்கில் பலமுறை இடம்பெயர்ந்தது. ஐந்தாம் தெருவைவிட்டுப் பன்னிரண்டாம் தெருவுக்கும், பின்னர் நகரின் மேற்குப் பகுதிக்கும் சென்று, இன்று ஓவர்புரூக் பகுதியில் லங்காஸ்டர் சாலையில் நிற்கிறது. எப்பிஸ்கோப்பல் சபை தன் திருவழிபாட்டு நாள்காட்டியில் பிப்ரவரி 13-ஆம் நாளை ஜோன்சின் நினைவு நாளாகக் கொண்டாடுகிறது. கல்லறைகள் மாறி மாறிப் புதைக்கப்பட்டிருந்த அவருடைய எச்சங்கள் 1991-ல் எடுக்கப்பட்டு, எரியூட்டப்பட்டு, சாம்பலாக ஒரு பேழையில் வைக்கப்பட்டன. அப்பேழை அந்த ஆலயத்தில் அவர் பெயர் தாங்கிய பீடத்தில் இருக்கிறது. அதன் முன்னே மக்கள் இன்று முழந்தாளிட்டுச் செபிக்கிறார்கள்.